சட்டம் பிறந்த நாளும் நடந்த நாளும்

குழந்தை பிறந்தவுடன் எழுந்து நடந்துவிடுவதில்லை. குப்புற விழ வேண்டும், தவழ வேண்டும், சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், பிறகுதான் நடை. சட்டங்களின் கதையும் ஏறத்தாழ இதுவே என்றால் தோழியர் பலர் வியப்படையக்கூடும். ஏனெனில் குடிமையியல் பாடத்தில் நாம் படித்து வைத்திருப்பது வேறு. மசோதா அவையில் கொண்டுவரப்படுகிறது, மூன்று முறை வாசிக்கப்படுகிறது, மற்றோர் அவைக்குச் செல்கிறது, முடிவில் அரசியலமைப்பின் 111ஆம் ஷரத்தின்படி குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளிக்கிறார், மசோதா சட்டமாகிறது. அத்துடன் பாடம் முடிந்து, கோடிட்ட இடங்களை நிரப்பத் தொடங்கிவிடுகிறோம்.

ஆனால் நோயாளி ஒருவர் மருத்துவமனை வாயிலில் நின்று, "எனக்கு இந்த உரிமை உண்டு" என்று சொல்ல வேண்டுமானால், சட்டம் பிறந்திருந்தால் மட்டும் போதாது. அது அமலுக்கு வந்திருக்கவும் வேண்டும். இவ்விரண்டு நாள்களுக்கும் இடையே சில சமயம் ஒரு மணி நேரமும் இல்லை; சில சமயம் ஆறு ஆண்டுகள்கூட உண்டு. அந்த இடைவெளியில் நடப்பது என்ன என்பதை, மக்களின் உடல்நலம் பற்றிய சட்டங்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு காண்போம்.

எந்தச் சட்டத்தை எடுத்தாலும் அதன் முதற்பிரிவைப் படிக்க வேண்டும். பெரும்பாலோர் அதைத் தாண்டிச் சென்றுவிடுவர். அதில் என்ன இருக்கப்போகிறது, பெயர்தானே என்று எண்ணுவர். பெயரும் அதில் இருக்கிறது. சட்டம் நாட்டின் எந்தெந்தப் பகுதிக்குப் பொருந்தும் என்பதும் இருக்கிறது. அவற்றுக்குக் கீழே, பெரும்பாலும் மூன்றாவது உட்பிரிவில், சட்டம் எந்த நாளில் உயிர் பெறும் என்பதும் இருக்கிறது. சில சட்டங்கள் அங்கேயே தேதியைச் சொல்லிவிடும். சில சட்டங்கள் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடும். அப்படி ஒன்றும் சொல்லாவிட்டால் என்ன செய்வது? அதற்கு 1897ஆம் ஆண்டின் பொதுக் கூறுகள் சட்டம் விடை கூறுகிறது. மத்தியச் சட்டமாயின், குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்த அந்நாளிலேயே அது அமலுக்கு வந்ததாகக் கொள்ள வேண்டும் என்பது அதன் 5ஆம் பிரிவு.

மூன்றாவது வகைதான் நமக்கு முக்கியம். "மத்திய அரசு அரசிதழில் அறிவிக்கை வெளியிட்டுக் குறிக்கும் நாளில் இச்சட்டம் அமலுக்கு வரும்" என்று எழுதப்பட்டிருக்கும் வகை அது. சில சட்டங்களில் இன்னும் ஒரு வரி கூடுதலாக இருக்கும்: வெவ்வேறு பிரிவுகளுக்கும் வெவ்வேறு மாநிலங்களுக்கும் வெவ்வேறு நாள்களைக் குறிக்கலாம் என்பது. மருத்துவம், சுகாதாரம் பற்றிய சட்டங்களுள் மிகப் பல இந்த வகையைச் சேர்ந்தவை.

நாடாளுமன்றம் இவ்வளவு பாடுபட்டு நிறைவேற்றிய சட்டத்தின் தேதியை மட்டும் ஏன் அரசின் கையில் விட்டுவிட வேண்டும்? இக்கேள்வி நியாயமானதே. இதற்கு விடை காண நாம் சிறிது நேரம் இங்கிலாந்து சென்று வர வேண்டும்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த மறு ஆண்டு, 1946 நவம்பர் 6ஆம் நாள், தேசிய சுகாதாரப் பணிச் சட்டத்துக்கு அரசரின் ஒப்புதல் கிடைத்தது. செல்வர், வறியர் என்ற வேறுபாடின்றி எல்லாருக்கும் கட்டணமின்றி மருத்துவம் என்பதே அதன் நோக்கம். அதை முன்னின்று நடத்தியவர் சுகாதார அமைச்சர் அன்யூரின் பெவன். சிறுவயதிலேயே நிலக்கரிச் சுரங்கத்தில் வேலைக்குச் சென்ற வேல்ஸ் நாட்டவர். ஒப்புதல் கிடைத்த மறுநாளே ஒருவர் மருத்துவமனைக்குச் சென்று இலவச மருத்துவம் கேட்டிருந்தால் கிடைத்திருக்குமா? கிடைத்திருக்காது. சட்டம் "குறிக்கப்பட்ட நாள்" என்று ஒன்றைப் பற்றிப் பேசியது. அந்த நாள் 1948 ஜூலை 5. இடையே 20 மாதங்கள்!

அந்த 20 மாதங்களும் வீணாகவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2,688 மருத்துவமனைகள் அரசின் பொறுப்பில் வர வேண்டியிருந்தன. அவற்றுள் தர்ம ஸ்தாபனங்கள் நடத்தியவையும் உண்டு, நகராட்சிகள் நடத்தியவையும் உண்டு. கட்டடம், கட்டில், கணக்குப் புத்தகம், செவிலியர் சம்பளம் எல்லாமே ஒரே நள்ளிரவில் கைமாற வேண்டும். வட்டார வாரியங்கள் அமைக்கப்பட வேண்டும். ஸ்காட்லாந்துக்கு 1947இல் தனிச் சட்டம், வட அயர்லாந்துக்கு 1948இல் தனிச் சட்டம். மூன்றும் ஒரே நாளில் தொடங்க வேண்டும். இவை போதாவென்று டாக்டர்களே எதிர்த்து நின்றனர்! 1948 பிப்ரவரியில் மருத்துவர் சங்கம் நடத்திய வாக்கெடுப்பில் பத்துக்கு ஒன்பது பேர் அளவில் எதிராகவே வாக்களித்தனர். அரசாங்கச் சம்பளக்காரராக ஆக்கிவிடுவார்களோ என்பது அவர்களுடைய அச்சம். அப்படிச் செய்யமாட்டோம் என்று திருத்தச் சட்டத்தின் மூலமே உறுதி தருவதாக அமைச்சர் வாக்களித்த பிறகு, மே மாதம் நடந்த மறு வாக்கெடுப்பில் எதிர்ப்பு வெகுவாகக் குறைந்தது. தேதியை முன்கூட்டியே குறித்து அறிவித்துவிட்டதால்தான் பேச்சுவார்த்தை முடிவுக்கு வந்தது என்று நமக்குத் தோன்றுகிறது. தேர்வுத் தேதி தெரிந்த பிறகே நாம் புத்தகத்தைத் திறப்பதில்லையா?

ஜூலை 5 அன்று காலை பெவன் மான்செஸ்டர் அருகே டேவிஹுல்ம் என்ற இடத்திலுள்ள பார்க் மருத்துவமனைக்குச் சென்றார். புதிய திட்டத்தின் முதல் நோயாளி என்று வரலாற்றில் இடம் பெற்றவர் அங்கே படுத்திருந்த 13 வயதுச் சிறுமி. நம்மைவிட இரண்டு வயது இளையவர்!

இதே நாளைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. அதைச் சொல்வதற்கு முன் ஒரு சிறு சட்ட நுணுக்கத்தை அறிந்துகொள்வது நல்லது. ஒரு நாளில் சட்டம் அமலுக்கு வருகிறது என்றால் அந்த நாளில் எத்தனை மணிக்கு? அலுவலகம் திறக்கும் பத்து மணிக்கா? அரசிதழ் அச்சாகி வெளிவரும் நேரத்திலா? நம் நாட்டுப் பொதுக் கூறுகள் சட்டம் இதற்கும் விடை வைத்திருக்கிறது. முந்திய நாள் முடிந்த அக்கணமே, அதாவது நள்ளிரவு 12 மணி அடித்தவுடனே, சட்டம் அமலுக்கு வந்துவிடுகிறது. அமலாக்கும் நாளின் முதல் நிமிடமே அதற்குச் சொந்தம்.

வேல்ஸில் அம்மன் பள்ளத்தாக்கு மருத்துவமனையில் 1948 ஜூலை 4 இரவு ஒரு தாய் பிரசவ வலியில் இருந்தார். நள்ளிரவு கடந்து ஒரு நிமிடத்தில் பெண் குழந்தை பிறந்தது. சற்றுப் பொறுங்கள், பொறுங்கள் என்று டாக்டரும் செவிலியரும் தாயிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்களாம். இதை அந்தக் குழந்தையே வளர்ந்து பெரியவரான பின் பலமுறை சொல்லியிருக்கிறார். 12 மணிக்கு முன் பிறந்திருந்தால் பிரசவத்துக்குக் கட்டணம். பின்னால் பிறந்ததால் கட்டணமில்லை. அமைச்சர் அன்யூரினின் பெயரையொட்டிக் குழந்தைக்கு அனைரா என்று பெயரிட்டார்கள். சட்டத்தின் தேதி என்பது காகிதத்தில் உள்ள எண் மட்டுமன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எங்கே கிடைக்கும்?

பிரிட்டனில் இம்முறை இன்றும் தொடர்கிறது. 2022ஆம் ஆண்டின் சுகாதாரம், பராமரிப்புச் சட்டத்துக்கு ஏப்ரல் 28 அன்று ஒப்புதல் கிடைத்தது. அதன் முக்கியப் பகுதிகள் ஜூலை 1 அன்றுதான் அமலுக்கு வந்தன. பெரிய சட்டமானால் ஒரே ஆணையில் முடியாது. முதலாம் அமலாக்க ஆணை, இரண்டாம் அமலாக்க ஆணை என்று எண்ணிட்டு, பகுதி பகுதியாகச் சட்டத்தை எழுப்புவர்.

கத்தோலிக்கப் பள்ளி மாணவியராகிய நமக்கு இது புதுமையாகத் தோன்ற வேண்டியதில்லை. திருச்சபையிலும் இவ்வழக்கம் உண்டு. இப்போதுள்ள திருச்சபைச் சட்டத் தொகுப்பைத் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1983 ஜனவரி 25 அன்று வெளியிட்டார். அது அமலுக்கு வந்ததோ அவ்வாண்டு நவம்பர் 27, திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. பத்து மாதங்கள் அவகாசம்! பொதுவாகத் திருச்சபையின் புதிய சட்டங்கள், வேறு நாள் குறிக்கப்படாவிட்டால், அதிகாரபூர்வ இதழில் வெளியாகி மூன்று மாதங்கள் கழித்தே கட்டுப்படுத்தும். இந்த இடைக்காலத்தை இலத்தீன் மொழியில் சட்டத்தின் ஓய்வு என்று பொருள்படும்படி அழைப்பர். மக்கள் படித்துத் தெரிந்துகொள்ளவும், ஆயர்கள் ஏற்பாடு செய்துகொள்ளவும் அவகாசம் வேண்டுமல்லவா? திருச்சபை வைத்திருக்கும் இந்த மூன்று மாதக் கணக்கு நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஏன் என்பது இனி வருவதைப் படித்தால் விளங்கும்.

நம் நாட்டில் ஒரு சட்டத்தை எழுப்பும் அறிவிக்கை எப்படி இருக்கும்? மிகச் சிறியது. இந்திய அரசிதழின் அசாதாரணப் பதிப்பில், இரண்டாம் பாகம், மூன்றாம் பிரிவு, இரண்டாம் உட்பிரிவு என்ற தலைப்பின் கீழ் வரும். இன்ன சட்டத்தின் முதற்பிரிவின் மூன்றாம் உட்பிரிவு அளித்துள்ள அதிகாரத்தின்படி, இன்ன நாளை அச்சட்டம் அமலுக்கு வரும் நாளாக மத்திய அரசு குறிக்கிறது என்ற ஒரே வாக்கியம். கீழே அமைச்சகத்தின் இணைச் செயலாளர் போன்ற ஓர் அதிகாரியின் பெயர். அவ்வளவே! நூறு பிரிவுகள் கொண்ட சட்டத்தை எழுப்ப ஒரு வாக்கியம் போதும். ஆனால் அந்த ஒரு வாக்கியம் வரும்வரை நூறு பிரிவுகளும் உறங்கும்.

அப்படி நெடுநாள் உறங்கிய சட்டம் ஒன்று உண்டு. நம் நாட்டில் மனநோயாளிகளைப் பற்றிய சட்டமாக 1912ஆம் ஆண்டின் இந்தியப் பைத்தியச் சட்டம் இருந்தது. பெயரே அதன் போக்கைச் சொல்லிவிடுகிறது. நோயாளியைக் குணப்படுத்துவதைவிட, அவரை ஊரிலிருந்து விலக்கி வைப்பதிலேயே அது அக்கறை காட்டியது. விடுதலை பெற்ற நாட்டுக்கு இது பொருந்தாது என்று டாக்டர்கள் பலகாலம் வாதாடிய பின், 1987ஆம் ஆண்டு மனநலச் சட்டம் நிறைவேறியது. அவ்வாண்டு மே 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். இழிவான பழைய சொற்கள் நீங்கின. மனநோயாளி என்ற சொல் வந்தது. மனநோயாளிகளை வைத்துப் பராமரிக்கும் இல்லம் நடத்த உரிமம் வேண்டும், அதிகாரிகள் வந்து பார்வையிட வேண்டும், நோயாளியை இழிவாகவோ கொடுமையாகவோ நடத்தக் கூடாது என்றெல்லாம் விதிக்கப்பட்டது.

அது அமலுக்கு வந்த நாள் 1993 ஏப்ரல் 1!

ஏறத்தாழ ஆறு ஆண்டுகள். அந்த ஆறு ஆண்டுகளும் 1912ஆம் ஆண்டுச் சட்டமே நாட்டில் ஆட்சி செய்தது. நாடாளுமன்றம் வேண்டாமென்று கழித்துக்கட்டிய சட்டத்தின்படியே நோயாளிகள் அடைக்கப்பட்டனர். ஏன் இவ்வளவு காலம்? சட்டம் மத்தியிலும் மாநிலங்களிலும் மனநல ஆணையங்களை அமைக்கச் சொன்னது. உரிமம் கோரும் படிவம் முதல் கட்டணம் வரை எல்லாவற்றையும் விதிகள் மூலம் வகுக்கச் சொன்னது. அந்த விதிகளே 1990இல்தான் ஆயின. சட்டம் உறங்கும்போதே அதற்கான விதிகளை எழுதி வைத்துக்கொள்ளப் பொதுக் கூறுகள் சட்டத்தின் 22ஆம் பிரிவு இடமளிக்கிறது. சட்டம் விழிக்கும்போது விதிகளும் உடன் விழிக்கும். ஆகவே காத்திருந்ததில் ஒரு காரணம் இல்லாமல் இல்லை. ஆயினும் இங்கிலாந்தில் 2,688 மருத்துவமனைகளை 20 மாதங்களில் கைமாற்ற முடிந்ததை நினைக்கையில், ஆறு ஆண்டு என்பதை நம்மால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

அமலுக்கு வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்வதற்கில்லை. 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் அதிகாலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகள் தங்கியிருந்த ஓர் இல்லத்தில் தீப்பற்றியது. ஓலைக் கொட்டகை. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். அன்று 1987ஆம் ஆண்டுச் சட்டம் அமலுக்கு வந்து எட்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. உரிமம் வேண்டும் என்ற பிரிவு சட்டப் புத்தகத்தில் விழித்துக்கொண்டுதான் இருந்தது. கொட்டகைக்குள் சென்று பார்ப்பதற்குத்தான் யாரும் விழித்திருக்கவில்லை. உச்ச நீதிமன்றம் செய்தியைக் கண்டு தானாகவே இதை வழக்காக எடுத்துக்கொண்டு, நாடெங்கும் மனநலச் சட்டம் எவ்வாறு நிறைவேற்றப்படுகிறது என்று மாநிலங்களைக் கேட்டது. சட்டம் அமலுக்கு வருவது வேறு, அது நிறைவேற்றப்படுவது வேறு. முன்னது இல்லாமல் பின்னது நடக்காது. ஆனால் முன்னது நடந்துவிட்டதாலேயே பின்னது நடந்துவிடாது.

இப்போது அந்த 1987ஆம் ஆண்டுச் சட்டமும் இல்லை. அதன் இடத்தில் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்துள்ளது. மனநோயாளியை எவ்விதத்திலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்று அதன் 95ஆம் பிரிவு தெளிவாகத் தடை செய்கிறது. இச்சட்டத்தின் முதற்பிரிவைப் படித்தபோது நமக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அரசு குறிக்கும் நாளில், அல்லது ஒப்புதல் கிடைத்து ஒன்பது மாதங்கள் முடியும் நாளில் அமலுக்கு வரும் என்று எழுதியிருக்கிறார்கள். பழைய அனுபவத்தை நினைத்து, சட்டத்தின் தலைமாட்டிலேயே அலாரம் கடிகாரம் ஒன்றை வைத்துவிட்டது நாடாளுமன்றம் என்று எண்ணிக்கொண்டோம். ஒப்புதல் கிடைத்தது 2017 ஏப்ரல் 7. ஒன்பது மாதக் கணக்குப்படி 2018 ஜனவரியில் அலாரம் அடித்திருக்க வேண்டும். ஆனால் அரசிதழ் அறிவிக்கை குறித்த நாள் 2018 மே 29. எனினும், ஆறு ஆண்டு எங்கே, ஓராண்டுச் சொச்சம் எங்கே!

அதே 2017ஆம் ஆண்டு ஏப்ரல் 20 அன்று ஒப்புதல் பெற்றது எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம். எச்.ஐ.வி. தொற்று உள்ளவருக்கு வேலையோ, மருத்துவமோ, கல்வியோ மறுக்கக் கூடாது என்பதும், அவரது ஒப்புதலின்றிச் சோதனை செய்யக் கூடாது என்பதும் அதன் சாரம். அது அமலுக்கு வந்தது 2018 செப்டம்பர் 10. இடைப்பட்ட ஏறத்தாழ 17 மாதங்களில் ஒரு சிறுமியைப் பள்ளியில் சேர்க்க மறுத்திருந்தால், அவளுடைய தாய் இந்தச் சட்டத்தைக் காட்டி வாதாடியிருக்க முடியாது. செய்தித்தாளில் படித்த சட்டம். நாடாளுமன்றம் மேசையைத் தட்டி நிறைவேற்றிய சட்டம். கையில் மட்டும் இல்லாத சட்டம். இந்தத் தாமதம் பற்றித் தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்கே தொடுக்கப்பட்டது.

நீதிமன்றம் அரசைக் கட்டாயப்படுத்தித் தேதி குறிக்கச் செய்ய முடியுமா? இதற்கு விடை உடல்நலத்துக்கு வெளியே கிடைக்கிறது. 1981 டிசம்பரில் ஏ.கே. ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் இக்கேள்வியை ஆராய்ந்தது. தேதி குறிக்கும் பொறுப்பை நாடாளுமன்றமே அரசிடம் விட்டுவிட்டபோது, இன்ன நாளில் அமலாக்கு என்று நீதிமன்றம் ஆணையிட முடியாது என்று பெரும்பான்மை நீதிபதிகள் கூறினர். பின்னர் 1988இல் வேறொரு வழக்கில், அமலாக்கலாமா என்று யோசித்து முடிவெடுக்கும்படியாவது அரசுக்குச் சொல்லலாம் என்று உச்ச நீதிமன்றம் ஒரு படி முன்னே சென்றது. அந்த வழக்கு வழக்கறிஞர் சட்டத்தின் 30ஆம் பிரிவு பற்றியது. சட்டம் 1961ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அந்தப் பிரிவு அமலுக்கு வந்ததோ 2011 ஜூன் 15! ஐம்பது ஆண்டுகள். வழக்கறிஞர்களுக்கே இந்தக் கதி என்றால் நோயாளிகளின் நிலையைச் சொல்ல வேண்டுமா?

ஒரே சட்டம் தவணை முறையில் விழிப்பதும் உண்டு. 2003ஆம் ஆண்டின் புகையிலைப் பொருள்கள் பற்றிய சட்டத்தின் பல பிரிவுகள் 2004 மே 1 அன்று அமலுக்கு வந்தன. ஆனால் நம் போன்ற மாணவ மாணவியருக்குத் தொடர்புடைய பகுதி, அதாவது கல்வி நிலையங்களிலிருந்து 100 கெஜத்துக்குள் சிகரெட், பீடி முதலியவற்றை விற்கக் கூடாது என்பது, அவ்வாண்டு டிசம்பர் 1 அன்றுதான் வந்தது. பெட்டிகளின் மேல் எச்சரிக்கைப் படங்கள் வந்தது 2009 மே 31இல்.

இனி, மாநிலங்கள் பற்றியும் பார்க்க வேண்டும். மருத்துவமனைகளும் பொதுச் சுகாதாரமும் அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் மாநிலப் பட்டியலைச் சேர்ந்தவை. அப்பொருளில் நாடாளுமன்றம் சட்டம் இயற்ற விரும்பினால், 252ஆம் ஷரத்தின்படி குறைந்தது இரண்டு மாநிலச் சட்டமன்றங்களாவது தீர்மானம் போட்டுக் கேட்க வேண்டும். மற்ற மாநிலங்கள் பிறகு விரும்பினால் தீர்மானம் நிறைவேற்றி ஏற்றுக்கொள்ளலாம். ஆகவே ஒரே சட்டம் ஒரு மாநிலத்தில் விழித்திருக்கும், பக்கத்து மாநிலத்தில் பிறந்தே இருக்காது!

மனித உறுப்பு மாற்றுச் சட்டம் அப்படிப்பட்டது. கோவா, இமாசலப் பிரதேசம், மகாராஷ்டிரம் ஆகிய மூன்றும் கேட்டுக்கொண்டதன்மேல் 1994இல் அது இயற்றப்பட்டது. 1995 பிப்ரவரி 4 அன்று அம்மூன்று மாநிலங்களிலும் யூனியன் பிரதேசங்களிலும் அமலுக்கு வந்தது. சிறுநீரகம் முதலிய உறுப்புகளை விலைக்கு வாங்குவதும் விற்பதும் அன்று முதல் அங்கே குற்றம். மூளைச்சாவு என்பதைச் சட்டம் மரணமாக ஏற்றுக்கொண்டதும் அன்று முதலே. தமிழ்நாடோ அந்தப் பட்டியலில் இல்லை. சென்னை வில்லிவாக்கத்தில் வறுமையால் சிறுநீரகம் விற்றோர் பலர் என்பதால், பத்திரிகைகள் அவ்வூரைக் "கிட்னிவாக்கம்" என்றே எழுதிவந்த காலம் அது. அதே 1995ஆம் ஆண்டில் தமிழ்நாடும் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. அதற்கு முந்திய நாள் வரை தரகு பேசியவனை இந்தச் சட்டத்தின் கீழ் தண்டிக்க இயலாது. ஏனெனில், செயல் நடந்தபோது அமலில் இருந்த சட்டத்தை மீறினால்தான் ஒருவரைக் குற்றவாளி எனலாம் என்கிறது அரசியலமைப்பின் 20ஆம் ஷரத்து. தேதி ஏழையைக் காப்பதுபோலவே, தேதி வராதவரை தரகனையும் காக்கிறது!

நம் மாநிலச் சட்டம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். தனியார் மருத்துவமனைகள், நர்சிங் ஹோம்கள், பரிசோதனைக் கூடங்கள் ஆகியவற்றை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாடு தனியார் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997இல் இயற்றப்பட்டது. ஒவ்வொரு நிறுவனமும் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பது அதன் அடிப்படை. ஆனால் எந்தப் படிவத்தில் விண்ணப்பிப்பது, எவ்வளவு கட்டணம், எத்தனை கட்டிலுக்கு எத்தனை செவிலியர், யார் வந்து பார்வையிடுவது என்பவை விதிகளில்தான் இருக்க வேண்டும். அந்த விதிகள் 2018இல் வெளியாயின. இருபது ஆண்டுகளுக்கு மேல்! 1997இல் பிறந்த குழந்தை அதற்குள் செவிலியர் படிப்பையே முடித்திருக்கலாம். விதியில்லாத சட்டம் பூட்டு இருந்தும் சாவி செய்யப்படாத பெட்டி போன்றது.

இப்பொழுது நர்சிங் ஹோம் ஒன்றுக்குச் சென்றால், வரவேற்பு மேசைக்குப் பின்னால் சுவரில் பதிவுச் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டப்பட்டிருப்பதைப் பார்க்கலாம். மாத்திரைச் சீட்டுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் தோழியர் அதைப் படித்துப் பாருங்கள். சட்டத்தின் பெயருக்குப் பக்கத்தில் 1997 என்றும், சான்றிதழ் வழங்கிய தேதிக்கு எதிரே 2018க்குப் பிந்திய ஓர் ஆண்டும் எழுதப்பட்டிருக்கும்.